லைட் ஹவுஸுக்குள்ள நிக்குது ரோபோ

ஒரு எபிசோடுக்கு ரெண்டு குடம் தண்ணீர். அதுதான் ரேட்டு.

எண்பதுகளின் நடுவில் திருவல்லிக்கேணியில், ஐஸ் ஹவுஸ் பக்கம், ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். எட்டுக் குடித்தனம், ஒரு முற்றம், ஒரு அடிபம்பு, ஒரே ஒரு டி.வி. அந்த டி.வி. வீட்டுக்காரம்மாவுடையது. மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளை சாலிடேர். கடை ஷட்டர் போல இரண்டு பக்கமும் இழுத்து மூடும் கதவு, அதற்கொரு சின்னப் பூட்டு, சாவி வீட்டுக்காரம்மாவின் இடுப்பில். ஜெயண்ட் ரோபோ போடுகிற நாளில் பசங்க எல்லாரும் அவங்க திண்ணையில் வரிசையாக நிற்போம். "ரெண்டு குடம் அடிச்சு ஊத்திட்டு உள்ள போ" என்பார். மெட்ராஸ் அடிபம்பு தெரிந்தவர்களுக்குத் தெரியும், இருபது அடி வெறும் காற்றுதான் வரும், அப்புறம் சர்ரென்று கொஞ்சம் செந்தண்ணீர், அதற்கப்புறம்தான் தண்ணீர். தோள்பட்டை இறங்கிப் போகும். ஆனால் ஒருத்தரும் பேரம் பேசியதில்லை.

உள்ளே போனால் சிமெண்ட் தரை. முன்வரிசையில் வாண்டுகள், பின்னால் பெரிய பசங்க, வாசற்படியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு அக்காக்கள். படத்தில் மழை பெய்தால் ஒருத்தன் மொட்டை மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். முற்றத்தில் ஒருத்தன் நின்று கீழே நடப்பதை மேலே கத்திச் சொல்வான். "இப்ப?" "இல்ல." "இப்ப?" "இருந்துது, போச்சு." ஆன்டெனா டியூட்டி விழுந்தவனுக்குப் பாதிக் கதை காலி.

பிறகு ஹீ-மேன் வந்தது, மோக்லி வந்தது. பார்த்தேன், பிடித்தது. ஆனால் ரெண்டு குடம் தண்ணீர் அடித்துப் பார்த்தது இது ஒன்றைத்தான்.

கதை தெரியாதவர்களுக்கு: ஜானி சோக்கோ என்று ஒரு பொடியன். கப்பலில் போகும்போது கடலிலிருந்து ஒரு ராட்சசப் பிராணி வந்து கப்பலைக் கவிழ்த்துவிடும். ஜானியும், ஜெர்ரி என்கிற ரகசிய ஏஜெண்டும் ஒரு தீவில் ஒதுங்குவார்கள். அங்கே ஒரு விஞ்ஞானியைப் பிடித்து வைத்து மிரட்டி ஒரு பிரம்மாண்டமான ரோபோவைச் செய்ய வைத்திருப்பார்கள் கெட்டவர்கள். அந்த ரோபோவை இயக்குவது ஒரு கைக்கடிகாரம். முதன்முதலில் அதில் எவன் குரல் பதிகிறதோ அவன் பேச்சை மட்டும்தான் ரோபோ கேட்கும். ஜானி விளையாட்டாக அதை எடுத்துப் பேசிவிடுவான். அவ்வளவுதான், எகிப்து அரசன் மாதிரி தலைக்கவசம் போட்ட, விரல் நுனியிலிருந்து ஏவுகணை விடுகிற அந்த மலை, கால்சட்டைப் பையன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுவிடும். பத்து வயதுக்குள் இருக்கிற யாரையும் இந்த ஒரு விஷயம் சாய்த்துவிடும். வீட்டில் நம் சொல்லைப் பூனைக்குட்டிகூடக் கேட்காத வயசு அது.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குப் புரிந்த கதை வேறு.

படம் இங்கிலீஷில் ஓடும். நான் கார்ப்பரேஷன் ஸ்கூலில் நாலாவது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் "மே ஐ கம் இன் டீச்சர்" வரைக்கும்தான். ஒண்டுக்குடித்தனத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் பெரியம்மா பையன், பத்தாவது படித்துக்கொண்டிருந்த அண்ணன். அவன் மட்டும் தண்ணீர் அடிக்க வேண்டாம். அவனுக்கு நாற்காலி. அவன் வேலை, திரையில் பேசுவதை உடனுக்குடன் எங்களுக்குத் தமிழில் சொல்வது.

ஜானி கடிகாரத்தை வாயருகே கொண்டுபோய் ஏதோ கத்துவான். அண்ணன்: "இன்னா பாத்துனு கீற, போய் சாத்து அவனன்றான்."

ஆக்டோபஸ் மாதிரித் தலையோடு, கையில் கோலோடு, விண்வெளியிலிருந்து வந்த வில்லன் உறுமுவான். அவன் பெயர் எம்பரர் கில்லட்டின். அண்ணன் வாயில் அது கில்லாடி ராஜா. "எனக்கு மெட்ராஸ் வேணும், இல்லாட்டி மொத்த ஒலகத்தையும் கொளுத்திடுவேன்றான் கில்லாடி." டோக்கியோ துறைமுகத்தில் மிருகம் கரையேறினால் அது ராயபுரம் ஹார்பர். வில்லன் கூட்டத்தின் பெயர் கார்காயில். எங்களுக்கு அது கார் கோயில். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வரிசையாக வந்து சுடுபட்டு விழும் அந்த ஆட்களை நம்பியார் ஆளுங்க என்போம். ஜானி சேர்ந்திருக்கும் ரகசியப் படை யூனிகார்ன். அதை யூனிஃபார்ம் என்றே நான் நம்பினேன். அதனால் விளையாடும்போது பள்ளிக்கூடச் சீருடையைக் கழற்ற மாட்டோம், அம்மாவிடம் உதை வாங்குவோம்.

விளையாட்டில் யார் ஜானி என்பதில்தான் சண்டை. கடிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஜானி என்று சட்டம். கடிகாரம் எங்கே கிடைக்கும்? ஜவ்வு மிட்டாய்க்காரர் கையில். மூங்கில் கழி உச்சியில் கைதட்டும் பொம்மை, கீழே பிளாஸ்டிக் சுற்றிய ரோஸ் கலர் மிட்டாய். நாலணா கொடுத்தால் ஒரு கொத்து இழுத்து, முறுக்கி, நசுக்கி, மணிக்கட்டில் சுற்றி வாட்ச் கட்டிவிடுவார். பட்டை, டயல், சாவி எல்லாம் இருக்கும். எனக்கு ஒரு முறை கட்டும்போது "முள்ளு வேணுமா பாப்பா?" என்று கேட்டு நகத்தால் இரண்டு கோடு கிழித்தார். மூன்றரை மணி. அன்று முழுக்க எனக்கு மூன்றரைதான். பசங்க என்னை மாரி ஆக்கப் பார்த்தார்கள். படத்தில் ஒரு சின்னப் பெண் ஏஜெண்ட் உண்டு, அவள் பெயர் மாரி. எங்களுக்கு அது மாரியம்மன் பெயர், அதில் அதிசயமே படவில்லை. நான் கையை நீட்டி வாட்ச்சைக் காட்டினேன். அன்று நான்தான் ஜானி. கால் மணி நேரம். அதற்குள் வியர்வையில் பட்டை இளக ஆரம்பித்தது, ஒருத்தன் டயலை நக்கிவிட்டான்.

கடைசி எபிசோடு வந்த வாரம் எனக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை, உள்ளே வேப்பிலைப் படுக்கை, இளநீர், துவையல் கிடையாது தாளிதம் கிடையாது, யாரும் வரக்கூடாது, நானும் போகக்கூடாது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கேட்கிறது. எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் அண்ணன் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று கதை சொன்னான். கில்லாடி மலை மாதிரி வளர்ந்துவிட்டான். ரோபோ அவனைக் கட்டிப்பிடித்து மேலே மேலே தூக்கிக்கொண்டு போய் சூரியனுக்குள் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் ரோபோ இருக்கிற இடம் தெரிந்தால் வேறு நாட்டுக்காரன் திருடிவிடுவான். அதனால் கவர்மெண்ட்டே அதை மெரினா லைட் ஹவுஸுக்குள் நிற்க வைத்து, வெளியே சிவப்பு வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டார்கள். ராத்திரி சுத்துகிற வெளிச்சம் அதன் கண்.

நான் நம்பினேன். எப்படி நம்பாமல் இருப்பது, எங்கள் மொட்டை மாடியிலிருந்து அந்த வெளிச்சம் தெரியுமே. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு பீச்சுக்குக் கூட்டிப்போனார்கள். ஜவ்வு மிட்டாய் வாட்ச் கட்டிக்கொண்டு லைட் ஹவுஸ் முன்னால் நின்று, "ஜெயண்ட் ரோபோ, பற" என்று நாலு தரம் சொன்னேன். ஒன்றும் அசையவில்லை. அண்ணன் சொன்னான், "மிட்டாய் வாட்ச்சுல சிக்னல் எடுக்காதுடி."

இந்தக் கதையை நாற்பது வருஷம் வைத்திருந்தேன். குழந்தைத்தனம் என்று தெரியும், ரோபோ லைட் ஹவுஸில் இல்லை என்பதும் தெரியும். ஆனால் சூரியனில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது என்பதை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை. பல வருஷம் பொதுமக்களை விடாமல் வைத்திருந்த லைட் ஹவுஸை 2013 நவம்பரில் திறந்தபோது நானும் வீட்டுக்காரரும் போனோம். லிஃப்டில் ஏறும்போது உட்சுவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். ரோபோவின் உயரம் 30 மீட்டர் என்று கணக்கு. லைட் ஹவுஸ் அதைவிட உயரம். தாராளமாக நிற்கும்.

போன கோடை விடுமுறையில், பத்து வயது மகன் "போர் அடிக்குதும்மா" என்று முப்பதாவது தடவை சொன்னபோது அந்தத் தொடரைத் தேட ஆரம்பித்தேன். இதிலிருந்து சில விஷயங்கள் கற்றுக்கொண்டேன். உங்களிடமும் இப்படி ஒரு பழைய தொடர் இருக்கும். அது ஜப்பானோ ரஷ்யாவோ, உதவலாம்.

முதலில் தேடுவது. நீங்கள் நினைவில் வைத்திருக்கும் பெயர் அநேகமாகத் தப்பு. நான் "கில்லாடி ரோபோ" என்று போட்டுத் தேடினேன். சினிமாப் படங்களாக வந்து கொட்டின. பெயரை விட்டுவிட்டு நடப்பதைப் போட்டுத் தேட வேண்டும். பையன், கைக்கடிகாரம், ரோபோ, ஜப்பான், 1960-கள். உடனே கிடைத்தது. இன்னொன்று, இந்த மாதிரித் தொடர்களுக்கு நாட்டுக்கு நாடு பெயர் மாறும். ஜப்பானில் இது வெறும் ஜெயண்ட் ரோபோ. அமெரிக்காவில் இங்கிலீஷ் பேச வைத்தபோது "ஜானி சோக்கோ அண்ட் ஹிஸ் ஃப்ளையிங் ரோபோ" ஆக்கினார்கள். அசலில் ஜானியின் பெயர் குசாமா டைசாகு, ஜெர்ரியின் பெயர் மினாமி ஜூரோ, கார் கோயிலின் பெயர் பிக் ஃபயர். ஜானியாக நடித்த பையன் மிட்சுனோபு கானெகோ. இந்தப் பெயர்கள் தெரிந்தால்தான் நல்ல பிரதி கிடைக்கும்.

1967 அக்டோபரிலிருந்து 1968 ஏப்ரல் வரை ஜப்பானில் ஓடியிருக்கிறது, மொத்தம் 26 எபிசோடு, தயாரிப்பு டோயே கம்பெனி. அதாவது சாலிடேர் முன்னால் நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த புத்தம்புது விஞ்ஞான அதிசயம், அப்போதே பதினேழு பதினெட்டு வருஷத்துப் பழசு. அதைவிட, முழுக்கக் கலரில் எடுத்தது. மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முதல் காட்சி கலரில் வந்தபோது யாரோ என் பழைய போட்டோவுக்குக் கலர் பூசிவிட்ட மாதிரி எரிச்சலாக இருந்தது. இரண்டாவது எபிசோடுக்கு டி.வி. செட்டிங்கில் போய் கலரைப் பூஜ்யத்துக்குக் குறைத்தேன். மகன் "ஏம்மா கெடுக்கற?" என்றான். ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டான். அவன் செய்ததுதான் சரி.

இரண்டாவது, பார்ப்பதற்கு முன்னால் உங்களுக்கு நினைவிருப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இதை நான் தற்செயலாகச் செய்தேன், மகனுக்குக் கதை சொல்ல. பழைய டைரியில் ஏழு விஷயம் எழுதினேன். கடிகாரத்தில் முதல் குரல், சரி. பெரிய கண் ஒன்று உருண்டு வரும், சரி, அதன் பெயர் ஆப்டிகான். வானத்திலிருந்து இரும்புக் கை வந்து கட்டடத்தைப் பிடுங்கும், சரி. கில்லாடிக்கு மெட்ராஸ் வேண்டும், அது அண்ணன். ஜானிக்கு அம்மா கிடையாது, சித்திக் கொடுமை, அதுவும் அண்ணன். கில்லாடி ராஜா ஜெர்ரிக்குத் தாய்மாமன், அதனால்தான் ஜெர்ரியால் அவனைச் சுட முடியவில்லை. இதை எழுதும்போது எனக்குத் துளி சந்தேகம் இல்லை. ஒரு ஜப்பான்காரருக்கு விண்வெளியில் எப்படித் தாய்மாமன் இருப்பான் என்று நாற்பத்தெட்டு வயதுவரை நான் யோசித்ததே இல்லை. ஏழாவது, சூரியன்.

எழுதி வைக்காமல் பார்த்திருந்தால், பார்க்கப் பார்க்க புதுசு பழசின் மேல் பதிந்து, அண்ணன் சொன்னதெல்லாம் அழிந்துபோயிருக்கும். என் நஷ்டம் எனக்கே தெரிந்திருக்காது.

மூன்றாவது, நாளைக்கு ஒன்றுக்கு மேல் போடாதீர்கள். 26 எபிசோடு, ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிஷம் பக்கம். இரண்டு நாளில் முடித்துவிடலாம். முடித்தால் செத்தது. ஒவ்வொன்றும் ஒரே அச்சுத்தான்: புது மிருகம், ஊர் அழியும், ஜானி மாட்டுவான், ரோபோ வரும். வாராவாரம் வந்தபோது அது தெரியவில்லை, ஏனென்றால் ஒரு வாரம் முழுக்க அடிபம்படியில் நாங்கள் பேசியதும் சேர்த்துத்தான் தொடர். இதே தொடரின் சில எபிசோடுகளை வெட்டி ஒட்டி 1970-ல் "வாயேஜ் இன்டு ஸ்பேஸ்" என்று முழுநீளப் படமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். நேரம் மிச்சம் என்று அதைப் போட்டுவிடாதீர்கள், அதில் முடிவும் வந்துவிடும்.

நான்காவது, "இது எவ்வளவு சூப்பர் தெரியுமா" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன். முதல் பத்து நிமிஷத்தில் மகன் சொன்னது: "அம்மா, கயிறு தெரியுது." "அம்மா, அந்த பில்டிங் அட்டைப் பெட்டி." "அம்மா, அந்த மான்ஸ்டர் உள்ள ஆள் நடக்கறாரு." எனக்கு முகம் சுருங்கிவிட்டது, அப்பாவை யாரோ கிண்டல் செய்த மாதிரி. மதுரைப் பக்கத்துக்காரரான வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் விட்டேன். நாலாவது எபிசோடில் கயிறு எண்ணுவதை அவனே விட்டுவிட்டான். அட்டைப் பெட்டி இடிந்தபோது சோபாவில் முட்டி போட்டு எழுந்து நின்றான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் குழந்தைகள் தொடர் என்பது இந்தக் காலத்துக் கணக்கில் குழந்தைகள் தொடர் கிடையாது. ஜானி கையில் துப்பாக்கி இருக்கிறது, சுடுகிறான், ஆட்கள் விழுகிறார்கள். முதல் எபிசோடிலேயே விஞ்ஞானியைச் சுட்டுவிடுகிறார்கள். ஒரு தடவை எதிர் ஃபிளாட் குழந்தையையும் உட்கார வைத்துவிட்டேன், ஐந்து வயசு. அன்றைக்கென்று ஆப்டிகான். ராத்திரி பதினோரு மணிக்கு அந்தக் குழந்தையின் பாட்டி கதவைத் தட்டி, "என்னத்தம்மா காட்டுன? கட்டிலுக்குக் கீழ கண்ணு இருக்குன்னு கத்துறா" என்றார். முதலில் நீங்கள் தனியாக ஒரு முறை பார்த்துவிடுங்கள். எபிசோடு எபிசோடாக வேண்டாம், அந்தந்த மிருகம் வரும் இடங்களை ஓட்டிப் பார்த்தாலே போதும்.

ஆனால் சில கேள்விகள் நல்லதாகவும் வரும். அந்த ரோபோ முதலில் உயிர் பெறுவது ஒரு அணுகுண்டு வெடிப்பில். விஞ்ஞானி தீவையே அழிக்க வைத்த குண்டு ரோபோவுக்குச் சக்தி கொடுத்துவிடும். மகன் நிறுத்தச் சொல்லிக் கேட்டான். "ஜப்பான்லதானே அணுகுண்டு போட்டாங்க? அவங்களே எப்படிம்மா அதை நல்லதா காட்டுவாங்க?" எனக்குப் பதில் உடனே வரவில்லை. அவன் பள்ளிக்கூடத்தில் ஹிரோஷிமா பற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் தேடிப் படித்தோம். இந்தக் கதையைப் படக்கதையாக உருவாக்கிய மிட்சுதேரு யோகோயாமா 1934-ல் கோபே நகரில் பிறந்தவர். போர்க்காலத்தில் குண்டு விழுந்து எரிந்த ஊர் அது. 1956-லேயே "டெட்சுஜின் 28" என்று, போருக்காகச் செய்த ஓர் இரும்பு மனிதன் ஒரு சிறுவனின் ரிமோட்டுக்குக் கட்டுப்படும் கதையை எழுதியிருக்கிறார். ரிமோட் நல்லவன் கையில் இருந்தால் நல்லது, கெட்டவன் கையில் இருந்தால் கெட்டது. மகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஜவ்வு மிட்டாய நக்கினவன்?" என்றான்.

பெரிய சிக்கல் நான் எதிர்பாராத இடத்தில் வந்தது. அவனுக்கு இங்கிலீஷ் புரிகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு வேலையே இல்லை. அவனும் தொடரும் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கும் இப்போது புரிகிறது. புரிந்தால், வசனம் ரொம்பச் சாதாரணம். கில்லட்டின் பேசுவதில் பாதி உறுமல்தான், மிச்சம் சுருக்கமான கட்டளை. எங்கள் கில்லாடி ராஜா எவ்வளவு பேசுவான்! கோபம் வந்தால் பேட்டை பேட்டையாகப் பெயர் சொல்லிக் கொளுத்துவேன் என்பான், அதில் எங்கள் தெருவும் வரும்.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன். "அம்மா!" "சும்மா இரு, நான் சொல்றேன்." முதல் இரண்டு நிமிஷம் கேவலமாக இருந்தது. "ஜானி இப்போது ரோபோவை அழைக்கிறான்" என்று பாடப்புத்தகம் மாதிரி வருகிறது. அப்புறம் ஜானி கடிகாரத்தை வாயருகே கொண்டுபோனான். என் வாயிலிருந்து தானாக விழுந்தது, "இன்னா பாத்துனு கீற, போய் சாத்து அவன." மகன் சோபாவிலிருந்து சரிந்தே விட்டான். நான் அந்தப் பாஷை பேசி அவன் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் சத்தமில்லாமல்தான் பார்த்தோம். அவனும் ஆரம்பித்தான். அவனுடைய கில்லாடிக்கு மெட்ராஸ் வேண்டாம், "உன் அம்மா போனோட பாஸ்வேர்ட் எனக்கு வேணும்" என்கிறான். இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஏற்கெனவே ஒரு முறை பார்த்த எபிசோடில் செய்யாதீர்கள், அசல் வசனம் குறுக்கே வரும். என்ன நடக்கப்போகிறது என்று உங்களுக்கும் தெரியாமல் இருந்தால்தான் பொய் சரளமாக வருகிறது. அதனால் தனியாக ஓட்டிப் பார்க்கும்போதும் சத்தத்தை நிறுத்தி வையுங்கள்.

கடைசி எபிசோடை நான் முன்னால் ஓட்டிப் பார்க்கவில்லை. தெரிந்த முடிவுதானே. மகனுக்கு லைட் ஹவுஸ் கதை முழுக்கச் சொல்லியிருந்தேன். காமராஜர் சாலையில் போகும்போதெல்லாம் இப்போது அவனும் கார் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கிறான்.

அன்று சத்தம் வைத்தே பார்த்தோம். கில்லட்டின் ராட்சசனாக வளர்ந்து நிற்கிறான். அவன் உடம்பே அணுசக்தி. அவனைத் தாக்கினால் வெடித்து பூமியே போய்விடும். யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது ரோபோ நகர்கிறது. ஜானி ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தைந்து எபிசோடு கடிகாரத்தின் சொல்லைக் கேட்டே நடந்த ரோபோ, கட்டளை இல்லாமல் தானாகப் போய் அவனைக் கட்டிப்பிடித்து மேலே தூக்குகிறது. ஜானி கத்துகிறான், திரும்பி வா, திரும்பி வா. அது கேட்கவில்லை. விண்வெளியில் ஒரு விண்கல்லில் போய் மோதுகிறது. வெடிப்பு. ஜானி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"இப்ப வரும்ல?" என்றான் மகன்.

முடிந்துவிட்டது.

அவன் என்னைப் பார்த்தான். "லைட் ஹவுஸ்னு சொன்னியே."

நான் எழுந்துபோய் அரிசி களைந்தேன். மூன்று தண்ணீர் போதும், ஐந்தாறு தண்ணீர் களைந்தேன்.

பிறகு எனக்கே ஒரு விளக்கம் தோன்றியது. அம்மை போட்ட குழந்தையை அழவிடக்கூடாது, அம்மா இறங்கியிருக்கும்போது மனசு நோகக்கூடாது என்பார்கள். அதற்காகத்தான் அண்ணன் முடிவை மாற்றியிருக்கிறான். பதினைந்து வயதுப் பையனுக்கு எவ்வளவு மனசு பாருங்கள். இதை நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசிப் பாடம் இதுதான்: உங்களோடு சேர்ந்து பார்த்தவர்களுக்கு, தொடரைத் திரும்பப் பார்ப்பதற்கு முன்னால் போன் போடுங்கள். நான் பார்த்து முடித்த பிறகு போட்டேன்.

அண்ணனுக்கு இப்போது மாதவரத்தில் ஹார்டுவேர் கடை. எடுத்தவுடன் "ஒரு நிமிஷம் இரும்மா" என்று சொல்லிவிட்டு யாருக்கோ ரெண்டு இஞ்ச் ஆணி அரைக் கிலோ நிறுத்துக்கொண்டிருந்தான். தராசில் ஆணி கொட்டும் சத்தம்.

"அண்ணா, ஜெயண்ட் ரோபோ ஞாபகம் இருக்கா?"

"கில்லாடி ராஜா!" கடையே திரும்பிப் பார்த்திருக்கும்.

"நான் கடைசி எபிசோடு பாத்தேன். எனக்கு அம்மை போட்டிருந்ததாலதான நீ முடிவ மாத்திச் சொன்ன? நான் அழுவேன்னு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"அடிப் பைத்தியமே. கரண்ட் போச்சுடி. அவன் பெருசா ஆனான், ரோபோ தூக்குச்சு, பொசுக்குனு போச்சு. நானும் பசங்களும் மொட்ட மாடியில போய் உக்காந்துட்டோம். மறுநாள் நீ ஜன்னல்ல நின்னுக்கினு என்னாச்சு என்னாச்சுன்னு உயிர எடுத்த. எனக்குத் தெரியாதுன்னு சொன்னா என் மரியாத இன்னாத்துக்கு ஆவறது? நாற்காலி போயிடும்ல?"

"அப்ப லைட் ஹவுஸ்?"

"கரண்ட் இல்லாதப்போ மாடியிலேர்ந்து அது ஒண்ணுதான் தெரிஞ்சுது."

நான் சிரித்து முடிப்பதற்குள் அவன் குரல் மாறியது. "ஏய், அப்போ முடிவு இன்னாதான்? திரும்ப வந்துச்சா இல்லியா?"

சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, போட்டுக் காட்டறேன்."

"வர்றேன். உன் புள்ள வாயக் கட்டி வை, முன்னாடியே சொல்லிடப் போறான்." ஆணிக்காரரிடம் சில்லறை கொடுத்துவிட்டு, வைக்கப்போனவன் திரும்பக் கேட்டான்.

"வூட்டுல இன்வெர்ட்டர் இருக்குல்ல?"